கல்லோடு வந்தவர்கள்

கடிகாரக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்ததே நாத்தனார்தான். கடிகாரக் கடையில் பழுது பார்க்கிற வேலை அவளுக்கு. "எங்க வீட்டுக் கடிகாரக்காரி வந்துட்டா, அப்புறம் பேசறேன்" என்று தோழிகளிடம் போனில், அவள் காதில் விழும்படியே சொல்வாள் நாத்தனார். நேரில் அந்தப் பெயர்கூடக் கிடையாது. "ஏங்க", "இதப் பாருங்க", அவ்வளவுதான். தாய் தகப்பன் இல்லாமல் அண்ணனே எல்லாமுமாக வளர்ந்த பெண். அண்ணனில் பங்கு கேட்டு ஒருத்தி வந்து நின்றால் முகம் கொடுத்தா பேசுவாள்?

அந்த அண்ணன் கப்பலில் எஞ்சினியர். கல்யாணமான கையோடு ஆசையாக ஒரு கடல்நீர்த் தொட்டி வாங்கினான். பவளப்பாறைத் துண்டு ஒன்றை அதில் இறக்கினான். மீன் பிறகு விடலாம் என்றான். "ரெண்டு பேரும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டான். தொட்டியைச் சொன்னானா, ஒருவரையொருவர் சொன்னானா என்று கடிகாரக்காரிக்கு இன்றுவரை தெரியாது.

அவன் போன வாரமே தொட்டி 'டிக்' என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் 'டிக்'.

"கண்ணாடி விரிசல் விடுது. நேத்து நீங்கதானே தொடச்சீங்க?" என்றாள் நாத்தனார்.

"துணியால தொடச்சேன், சுத்தியால இல்ல."

வீட்டிலிருந்த வாளி, துண்டு, பழைய போர்வை எல்லாம் தொட்டியடிக்குப் போயின. மீன்கடைக்காரருக்குப் போன் போட்டால் அவர் சிரித்தார். "கண்ணாடி சொல்லிக்கிட்டு உடையாதும்மா. உடைஞ்சா ஒரேயடியாத்தான். இது கல்லோட ஒட்டிக்கிட்டு வந்த ஆளு யாரோ. டார்ச்சுல சிவப்புத் தாளைச் சுத்தி, அறைய இருட்டாக்கிட்டுப் பாருங்க. சிவப்பு வெளிச்சம் அதுங்களுக்கு அவ்வளவாத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரைகளை இழுத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். கடிகாரக்காரி கடை லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டாள். வெறும் கல் என்று நினைத்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக அசைய ஆரம்பித்தது. கடுகளவு வெள்ளைச் சுருள்களிலிருந்து இறகு விசிறிகள் விரிந்தன. ஒரு பொந்திலிருந்து நட்சத்திர மீன் ஒன்று நூல் போன்ற கைகளை நீட்டித் துழாவியது. கண்ணாடியில் ஒட்டிய தூசி என்று அவள் நினைத்தது திடீரென்று ஓடியது.

"எனக்கும் குடுங்க" என்றாள் நாத்தனார். லென்ஸ் அவள் கண்ணில் நிற்காமல் மடியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தால் மறுபடி விழுந்தது. அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நாத்தனார் நூலகத்திலிருந்து கடலுயிர்ப் படப்புத்தகம் கொண்டு வந்தாள். கல்லூரி விட்டதும் ஒருத்தி, கடை விட்டதும் ஒருத்தி, நேரே தொட்டிக்கு வந்தார்கள். இது நத்தையா, இல்லை நண்டு குடிபோன காலி ஓடா என்று சோறு ஆறும்வரை சண்டை நடக்கும்.

ஒருநாள் இளஞ்சிவப்புப் புழு ஒன்று தலைகாட்டியது. "இது ஆகாதது போலிருக்கு, எடுத்துடறேன்" என்று நாத்தனார் வெறுங்கையை விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் கண்ணாடி இழை போன்ற வெள்ளை முட்கள்.

கடிகாரக்காரி அவளை விளக்கடியில் உட்காரவைத்து, கையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். ஒட்டு டேப்பை வைத்து வைத்து எடுத்ததில் பாதி வந்தது. மீதியை லென்ஸ் வழியாகத் தேடி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல அண்ணி."

கடிகாரக்காரி லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகிக்கொண்டாள். அடுத்த முள்ளைத் தேடினாள்.

சத்தம் போட்ட ஆளும் பிறகு அகப்பட்டது. விரலில் பாதிகூட இல்லாத இறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. அதைச் சொடுக்கித்தான் அத்தனை ஆர்ப்பாட்டம். விடுமுறைக்கு வந்த அண்ணன், "இது இருந்தா சின்ன மீன் எதையும் விட முடியாது, எடுத்துடலாம்" என்றான்.

"அப்ப மீன் வேணாம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"சரிதான். இந்த வீட்டுல நான்தான் விருந்தாளி போல" என்றபடி அவன் பெட்டியைப் பிரிக்கப் போய்விட்டான்.

நாத்தனார் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, போன் செய்யும்போதெல்லாம், "அதைக் கொஞ்சம் கேக்க வைங்க அண்ணி" என்பாள். கடிகாரக்காரியும் ரிசீவரைத் தொட்டியோரம் பிடிப்பாள். ஒரு மழைக்காலத்தில் சத்தம் நின்றுபோனது. கல்லைப் புரட்டிப் பார்த்தும் இறால் இல்லை. நாத்தனார் அப்போது நிறைமாதம். இந்த நேரத்தில் எதற்குச் சொல்வது என்று, கடிகாரக்காரி நகத்தால் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள்.



"எப்ப போச்சு அண்ணி?"

"போன வாரம்."

"சரி. இன்னொரு தடவை தட்டுங்க."

தட்டினாள். இருவரும் போனைப் பிடித்தபடி அழுதார்கள். விடுமுறையில் வந்திருந்த கடிகாரக்காரியின் கணவன் அறைக்குள் வந்து, யாருக்கு என்னவோ என்று பதறிவிட்டான். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டான். ஆனாலும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

இப்போது நாத்தனாருக்கும் தலை நரைத்துவிட்டது. போன மாதம் தன் வீட்டிலேயே ஒரு தொட்டி வைத்திருக்கிறாள். கல் இறக்கிய மறுநாளே போன் வந்தது. "பச்சையா ஏதோ நீட்டுது அண்ணி. புத்தகத்துல இல்ல. நீங்க வந்து பாருங்க."

கடிகாரக்காரி போனாள். திரையை இழுத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தார்கள். பச்சை ஆசாமி அன்று வெளியே வரவே இல்லை. அவர்களும் அதை வெகுநேரம் தேடவில்லை. முன்பு இருவரும் சேர்ந்திருந்த அந்தப் பழைய வீட்டின் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதில் பேச்சு தொடங்கி, சாயங்காலம்வரை ஓயாமல் போனது.