அறுபத்திரண்டாம் வில்லை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவுப் பணி காலை ஏழே முக்காலுக்கு முடியும் என்று சுவரில் எழுதியிருந்தது. சுவருக்கு எழுத்தைத் தாங்கத் தெரியுமே தவிரத் துணி மடிக்கத் தெரியாது. கடைசித் தள்ளுவண்டியில் வந்த விரிப்புகளை மடித்து அடுக்கி, எண்ணி ஒப்படைத்துவிட்டுத் தெருவுக்கு வருகையில் எட்டேகால் ஆகிவிடும். அங்கிருந்து வீடு இருபத்தைந்து நிமிட வழி. ஆகவே தாய் தன் வீட்டுக் கதவைத் தட்டும் நேரம் நாள்தோறும் எட்டு நாற்பது.

கதவைத் திறப்பவள் பெரியவள். ஒன்பது வயது. சீருடை அணிந்து, முதுகில் பையும் இடுப்பில் இரண்டு வயதுத் தங்கையுமாக நிற்பாள். தகப்பன் காய்கறிச் சந்தையில் லாரிகளுக்குச் சுமை ஏற்றுபவன். ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடுவான். ஐந்திலிருந்து எட்டு நாற்பது வரை அந்த வீட்டுக்குப் பெரிய மனுஷி அவள்தான். தாய் உள்ளே கால் வைத்ததும் சின்னவள் இடுப்பு மாறுவாள்.

"ஓடினா ஒம்போதுக்குள்ள போயிடலாம்டி. பதினஞ்சு நிமிஷம்தான்."

"சரிம்மா."

வழியனுப்பும் பேச்சென்று அவர்களுக்கிடையே இருந்தது இவ்வளவே. பெரியவள் படியிறங்கும் ஓசை தேயுமுன் தாய் சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டியதற்குக் காரணம் பாடம் அன்று, சாப்பாடு. பள்ளியின் உணவுக்கூடச் சுவரில் ஒரு நீண்ட பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியின் மேலும் ஓர் எண். மதிய உணவுப் பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் அவ்வாறே எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கொடுத்திருந்தார்கள். காலையில் வந்ததும் குழந்தை தன் வில்லையைத் தன் ஆணியில் மாட்ட வேண்டும். ஒன்பது மணிக்குச் சமையற்காரி வந்து எண்ணுவாள். எத்தனை வில்லையோ அத்தனை பேருக்கே உலை. நண்பகலில் வில்லையைக் கொடுத்துத் தட்டை வாங்கிக்கொள்ளலாம். மாலையில் வில்லையைத் திரும்பப் பெற்றுக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஒரு பருவத்தில் பத்து நாள் வில்லை மாட்டாத குழந்தையின் இடம், காத்திருக்கும் வேறொரு குழந்தைக்குப் போய்விடும். வில்லை தொங்கியும் தட்டு உண்ணப்படாமல் இரண்டு முறை வீணானால் அப்பொழுதும் அதே கதிதான். காத்திருப்போர் பதினான்கு பேர் இருந்தனர். நல்ல விதிதான். நேரத்துக்கு வர இயன்ற பிள்ளைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதி, அவ்வளவே.

அந்த ஒரு தட்டின்மேல்தான் இந்த வீட்டின் நாள் முழுவதும் நின்றது. பெரியவளின் மதிய உணவு பள்ளியில் முடிவதால் தாய் பகலில், சின்னவள் உறங்கும் நேரத்திலாவது, உறங்க முடிந்தது. உறங்கினால்தான் இரவு வேலைக்குப் போக முடியும். அந்த இடத்துக்கான விண்ணப்பத்துடன் பருவத் தொடக்கத்தில் மூன்று முறை பள்ளிக்கு நடந்திருக்கிறாள்: முதல் முறை கணவனின் கையெழுத்து இல்லை; அடுத்த முறை சலவைக்கூடத்தின் முத்திரை இல்லை; மூன்றாம் முறை எல்லாம் இருந்தன, சன்னல்தான் மூடியிருந்தது. காத்திருந்து கொடுத்துவிட்டு வந்தாள்.

மாலையில் வேலைக்குக் கிளம்புமுன் தலையை வாரிக்கொண்டே கேட்பாள்:

"இன்னிக்கு என்னடி போட்டாங்க?"

"சோறு, பருப்பு, பூசணிக்காய். நல்லா இருந்துச்சுன்னு ரெண்டாந்தரம் கேட்டேம்மா, போட்டாங்க."

"குடுத்துவச்சவ. எனக்கு யாரு ரெண்டாந்தரம் போடறாங்க?" என்று சொல்லித் தாய் சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி எறிவாள். அந்தப் பதில் அவளுக்கு ஒரு வேளை உணவு போல் இருந்தது.

பருவத்தின் நடுவில் ஒரு திங்கட்கிழமை இரவு பெரியவளுக்குக் காய்ச்சல் கண்டது. செவ்வாய்க் காலையில் தாய் திரும்பி வந்தபோது உடல் கொதித்தது. ஆயினும் சீருடை அணிந்து நின்றாள்.

"எங்கடி கிளம்பிட்ட? படு."

"போயிட்டு உடனே வந்துடறேம்மா. வில்லை இருக்கு."

"வில்லை எங்க ஓடிடப் போகுது? படுடி."

"இல்லம்மா, வில்லை..."

காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று தாய் எண்ணினாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். கழுத்தில் வில்லைக் கயிறு இல்லாததை அவள் கண் கண்டது. ஆனால் பதினொரு மணி நேரம் வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்த கண் அது. கண்டதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு சீட்டு வந்தது: பெற்றோர் நேரில் வரவும், திங்கட்கிழமை, காலை பத்து மணி.

பத்து மணி என்பது தாய்க்கு நள்ளிரவு. சின்னவளைத் தூக்கிக்கொண்டு போனாள். உணவுப் பட்டியலுக்குப் பொறுப்பானவரைப் பள்ளியில் எல்லாரும் பட்டியல்காரர் என்றே அழைத்தனர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதை மேசையெங்கும் தேடுகிறவர்.

"உக்காருங்கம்மா. பாப்பா கைய கொஞ்சம் பிடிச்சுக்கங்க, பேரேட்டைக் கிழிச்சிடப் போகுது. போன செவ்வாய்க்கிழமை உங்க பொண்ணு வரல. ஆனா அறுபத்திரண்டாம் வில்லை ஆணியில தொங்குச்சு. ஒரு தட்டு வீணாப் போச்சு."

"காய்ச்சல் சார். என் பக்கத்துலதான் படுத்திருந்தா. வில்லை மட்டும் எப்படி சார் தனியா நடந்து வரும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

பெரியவளை வகுப்பிலிருந்து அழைத்து வந்தார்கள். தாயைப் பார்த்ததும் அவள் பார்வை தரைக்குப் போயிற்று.

"சாயங்காலம் வீட்டுக்குப் போறப்பவே மாட்டிட்டுப் போயிடுவேன் சார். மறுநாளைக்கு."

"எதுக்கு?"

"காலைல வர்றப்ப ஒம்போது பத்து ஆயிடும் சார். அதுக்குள்ள எண்ணிடுவாங்க."

"ஓடினா பதினஞ்சு நிமிஷம் சார்," என்றாள் தாய் இடைமறித்து. "நேரத்துக்குத்தான் போறான்னு நெனச்சிட்டிருந்தேன்."

பட்டியல்காரர் பேரேட்டைத் திருப்பினார். பருவத்தின் முதல் இரண்டு வாரங்களில் அறுபத்திரண்டுக்கு நேரே ஏழு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எட்டாம் நாளிலிருந்து ஒன்றுகூடத் தவறவில்லை.

தாய் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் எண்ணிப் பழகிய விரல், தானாக ஒவ்வொன்றன்மேலும் போய் நின்றது.

"இந்த ஏழு நாளும் என்னடி சாப்பிட்ட?"

பெரியவள் சின்னவளின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"பூசணிக்காய்னு சொன்னியே. ரெண்டாந்தரம் போட்டாங்கன்னியே."

"வாசல் பலகையில எழுதியிருக்கும்மா. என்ன சமையல்னு."

"சரி, பலகைய படிச்ச. ரெண்டாந்தரம்?"

"அது நானா சொன்னேன்."

பட்டியல்காரர் இல்லாத கண்ணாடியை மேசைமேல் தேடத் தொடங்கினார்.

அவ்வேளையில் சமையற்காரி எண்ணிக்கைச் சீட்டுடன் உள்ளே வந்தாள். பிள்ளைகள் அவளைக் கரண்டியம்மா என்பார்கள். வகுப்பறைக்கு வந்தாலும் கையில் கரண்டி இருக்கும். சங்கதி இன்னதென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சாயங்கால வில்லையா? இது ஒண்ணு மட்டும் இல்ல சார். பதினொண்ணு தொங்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கூடத்தப் பூட்டறது நான்தானே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? எண்ணி உலை வைன்னு சொன்னீங்க. எண்ணி வச்சேன். வில்லை எப்ப தொங்குச்சுன்னு உலைக்குத் தெரியுமா?" கரண்டியம்மா சீட்டை மேசைமேல் வைத்தாள். "அந்தப் பதினொண்ணையும் எடுத்துட்டீங்கன்னா பதினொரு புள்ளைங்க தட்டு இல்லாம வாசல்ல நிக்கும். எனக்கு வேலை மிச்சம்தான். ஆனா அதுங்க மூஞ்சியப் பாக்கறது நானு. நீங்க இல்ல."

பட்டியல்காரர் கெட்டவர் அல்லர். அவருக்கு மேலே ஒருவர் இருந்தார். அந்த மேலவர் வீணான தட்டுகளுக்கு மாதந்தோறும் கணக்குக் கேட்பவர். பட்டியல்காரர் நெடுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சாயங்காலம் மாட்டட்டும். நான் கண்டுக்கல. ஆனா பிள்ளை வராத நாள்ல, ஒம்போது மணிக்குள்ள வீட்டுப் பெரியவங்க யாராச்சும் வந்து வில்லைய ஆணியிலேருந்து எடுத்துடணும். ஏற்கெனவே ஒரு தட்டு வீணாயிடுச்சு. இன்னொண்ணு வீணாச்சுன்னா என்னால இடத்தக் காப்பாத்த முடியாது."

"நான் எட்டு நாப்பதுக்குத்தான் சார் வீட்டுக்கே வரேன்."

"ஓடினா பதினஞ்சு நிமிஷம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க," என்றார் அவர். குத்திக் காட்டும் எண்ணம் அவர் குரலில் இல்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது.

திரும்பும் வழியில் தாய் பெரியவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும்.

அதன் பின் மூன்று வாரங்கள் ஒன்றும் நேரவில்லை. தாய் கதவருகே அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்வதை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாகச் சொல்ல வேறொன்றும் அகப்படாமல் "பாத்துப் போ" என்றாள். பெரியவளும் நடந்தே போனாள்.

நான்காம் வாரம் ஒரு புதன்கிழமை, தாய் கதவைத் தட்டியபோது அது உடனே திறக்கவில்லை. திறந்தவளின் ஒரு பக்கக் கன்னம் பன்போல் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல். இரவெல்லாம் உறங்காத முகம். வாயைத் திறக்கவும் முடியவில்லை. சின்னவள் அக்காளின் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவதும், அக்காள் விலகுவதுமாக இருந்தது.

"வில்லை?" என்று கேட்டாள் தாய்.

பெரியவள் தலையை மட்டும் அசைத்தாள். அது பள்ளியில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தாய் செருப்பைக் கழற்றவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. "தங்கச்சிய பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்த படியிலேயே இறங்கினாள்.

ஓடினாள். வேலைக்குச் சேர்ந்தபின் அவள் ஓடியதில்லை. இரவு முழுதும் நின்ற கால்கள் முதலில் அதை நம்ப மறுத்தன. தெருமுனை வரை எளிதாகத்தான் இருந்தது. பெருஞ்சாலையைக் கடக்க விளக்கு மாற வேண்டும்; அது மாறுவதற்குள் மூன்று பேருந்துகள் போயின. அப்பால் ரயில் பாதையின் மேல் நடைபாலம். ஏற ஐம்பது படி, இறங்க ஐம்பது படி. காலை நேரக் கூட்டம் முழுவதும் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. "மெதுவாப் போம்மா, அடுத்த வண்டி வரும்" என்றார் ஒருவர். ஒரு வளர்ந்த பெண் தோளால் இடித்து ஏற வேண்டிய படிகளில், முதுகில் பையுடன் ஒன்பது வயதுச் சிறுமி எப்படி ஓடியிருப்பாள் என்ற எண்ணம் பாதிப் பாலத்தில் வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. அதையும் சுமந்துகொண்டே இறங்கினாள்.

உணவுக்கூட வாசலில் நுழைந்தபோது சுவர்க்கடிகாரம் ஒன்பது நான்கு காட்டியது.

கரண்டியம்மா பலகைக்கு எதிரே, முதுகு காட்டி நின்று, கரண்டிக் காம்பால் ஆணிகளைத் தொட்டு உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள். "முப்பத்தொம்போது... நாப்பது..." அவசரமே இல்லாத எண்ணிக்கை. காலடியோசை கேட்டும் திரும்பவில்லை.

"எடும்மா. எடுத்துட்டு மூச்சு வாங்கிக்க."

தாய் அறுபத்திரண்டை எடுத்தாள். இழுத்த வேகத்தில் பக்கத்து வில்லையும் ஆடியது.

"மணி ஆயிடுச்சே அக்கா."

"நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒம்போதுதான். இது மூணாவது தடவ. எனக்குக் கணக்கு சரியா வராதுன்னு ஊருக்கே தெரியும்." காம்பு நாற்பத்தொன்றில் நின்றது. "புள்ளைக்கு என்ன?"

"பல்லு. கன்னம் வீங்கிக் கெடக்கு."

"பாவம்." கரண்டியம்மா இப்பொழுது திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்திலும் உறக்கமில்லை. "ஆனா ஒண்ணும்மா. உலைத்தண்ணி கொதிச்சிட்டிருக்கு. எல்லா நாளும் இப்படி எண்ணிட்டு நிக்க என்னால முடியாது. மேலேருந்து யாராச்சும் வந்து நின்னுட்டா எனக்கும் ஒரே தடவைலதான் கணக்கு வரும்."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சா சரி. நாப்பத்திரண்டு."

தாய் வெளியே வந்து வாசல் பலகையின் ஓரம் சாய்ந்து நின்றாள். சுண்ணக்கட்டியால் அன்றைய சமையல் எழுதியிருந்தது. படிக்க வேண்டுமென்று படிக்கவில்லை. கண்ணுக்கு நேரே இருந்தது. பிறகு நடந்தாள். பாலத்துப் படிகளில் கைப்பிடியைப் பற்றி ஏறினாள். ஓடி வந்ததற்கு இருபத்து நான்கு நிமிடம். திரும்பி நடந்ததற்கு எவ்வளவு என்று அவள் பார்க்கவில்லை.

சின்னவள் பாயில் உறங்கியிருந்தாள். பெரியவள் கன்னத்தில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாய் வில்லைக் கயிற்றை அவள் கழுத்தில் போட்டாள்.

"நேரத்துக்குப் போயிட்டியாம்மா?" பாதி வாயால் கேட்டாள்.

"இல்லடி. ஓடியும் ஆகல."

பெரியவள் ஈரத்துணியைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"பாலத்துப் படியா?"

"படியும்தான். அந்த விளக்கும்தான்." தாய் செருப்பைக் கழற்றினாள், குதிகாலில் தோல் உரிந்திருந்தது. "சாயங்காலம் அப்பா வந்ததும் பல் டாக்டர்கிட்ட போகலாம். நான் கொஞ்சம் படுக்கறேன்."

"நீ ஏதாவது சாப்பிட்டியா?"

"ம். அங்கயே குடுத்தாங்க."

"என்ன குடுத்தாங்க?"

தாய் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "ரொட்டி, பருப்பு சூப்பு, அவிச்ச முட்டை."

மதியத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பெரியவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், ரொட்டி டப்பாவின் மூடியைச் சின்னவள் விழிக்காதபடி மெல்லத் திறந்தாள்.

"ரெண்டாந்தரம் போட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.