ஏற்காட்டுக்கு மேலே, ஹெட்செட்டில் கேட்டது

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. அது என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவும் இல்லை. ஹெலிகாப்டரில் ஏறுகிற எல்லோருக்கும் மாட்டுவதுபோல எனக்கும் ஒரு ஹெட்செட் மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கோடை விழாச் சமயம். ஒரு தனியார் கம்பெனி ஏற்காட்டில் ஹெலிகாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு சேர்வராயன் மலைகளை ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். நான் வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்கு பேர் சேர்ந்தால்தான் கிளப்புவார்களாம். "நீங்களும் வர்றீங்களா அக்கா?" என்று அந்தக் குடும்பத்துப் பெண் கேட்டாள். போனேன்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் வரி இப்படி வந்தது:

பஞ்சுப் பொதிகளாய் மேகங்கள் மிதந்துகொண்டிருந்த அந்தக் காலையில்

(அடித்துவிட்டேன். அன்று மேகமே கிடையாது. மொட்டை வெயில்.)

பிறகு இப்படி:

தேவசிகாமணிக்கு உயரம் என்றால் பயம். அந்தப் பயத்தை அவர் இதுவரை யாரிடமும்

(இதுவும் நின்றுவிட்டது. தேவசிகாமணி யாரென்றே தெரியாத உங்களிடம் அவருடைய பயத்தை முதலில் சொல்வது மரியாதையாகப் படவில்லை. ஆளைச் சொல்லிவிடுகிறேன்.)

2

தேவசிகாமணி காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பேர் போடுகிற ரைட்டர். ஓய்வு பெற்று வருஷங்களாகியும் ஊருக்கு அவர் ரைட்டர்தான். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். ஜோஸ்லின் அவருடைய ஒரே மகள். சேலத்தில் கணவன், குழந்தை, பேங்க் வேலை. அப்பாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி நெடுநாளாகக் கேட்டு, கடைசியில் சம்மதிக்க வைத்திருந்தாள். பெட்டிகளெல்லாம் காரில் ஏற்றியாகிவிட்டது. சாயங்காலம் அடிவாரம் இறங்கிவிட்டால் தேவசிகாமணி சேலத்துக்காரர்.

அந்த ஹெலிகாப்டர் அவள் அப்பாவுக்குத் தந்த பரிசு. "கீழ போறதுக்கு முன்னால உங்க மலைய ஒருக்கா முழுசாப் பாத்துக்குங்கப்பா" என்று டிக்கெட் எடுத்திருக்கிறாள்.

மூன்றாவது ஆள் சாந்தாமேரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஜோஸ்லினையே ஒரு காலத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். "சீட்டு காலியாத்தான இருக்குது, டீச்சரையும் கூட்டிக்கலாமே" என்று தேவசிகாமணி சொன்னபோது ஜோஸ்லினுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அண்டை வீட்டுக்காரர், அப்பாவோடு ஏரியைச் சுற்றி நடக்கிறவர், அப்பாவுக்கு முடியாதபோது ரசம் வைத்துக் கொடுத்தவர். கூட்டிக்கொண்டால் என்ன?*

* இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஏறும்போது நான் பார்த்தது வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கான்வாஸ் ஷூ போட்ட ஒரு பெரியம்மா, செல்போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். கதை எழுதுகிறவர்களுக்கு ஆளைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3

எனக்குச் சங்கடம் கொடுத்த பாத்திரம் ஜோஸ்லின்.

முதல் பிரதியில் அவளைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதியிருந்தேன். அப்பாவை வேரோடு பிடுங்கிக்கொண்டு போகிற மகள், மலை வீட்டை விற்கப் பார்க்கிறவள். அப்படி எழுதினால் கதை வேகமாக நகர்ந்தது. ஆனால் நான் பார்த்த ஜோஸ்லின், தலை இடித்துவிடாமல் அப்பாவின் உச்சியில் கையை வைத்துக்கொண்டு குனியச் சொன்னவள். பெல்ட்டு மாட்டத் தெரியாமல் அவர் தடுமாறியபோது கம்பெனி ஆளை விலக்கிவிட்டு, தலைக்கு மேல் சுற்றுகிற விசிறியின் காற்றில் முடி பறக்க, தானே எட்டி மாட்டிவிட்டவள். இப்படிப்பட்டவளை எப்படிக் கெட்டவளாக்குவது? அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டேன்.

அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கம்பெனி ஆள் எங்களிடம் கத்திச் சொன்னார்: "மைக்கு வாய்கிட்ட இருக்குதுங்க. பேசுனா பைலட்டு உட்பட எல்லாருக்கும் கேக்கும்."

நான் தலையாட்டினேன். ஜோஸ்லினும் ஆட்டினாள். தேவசிகாமணி பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமேரி டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

உட்கார்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் பைலட், பக்கத்தில் ஜோஸ்லின். பின்னால் இடது ஜன்னலோரம் நான், நடுவில் டீச்சர், வலது ஜன்னலோரம் தேவசிகாமணி.

மேலே எழும்பியதும் முதலில் ஏரி தெரிந்தது. படகுகள் ஓரமாக ஒட்டிக்கிடந்தன. பிறகு சில்வர் ஓக் மரங்களின் தலைகள். அவற்றுக்கடியில் காப்பிச் செடி இருப்பது மேலிருந்து தெரிவதில்லை. நீலத் தார்ப்பாய் போட்ட கூரைகள், மொட்டைமாடியில் காய்கிற துணி, எங்கள் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடிய ஒரு நாய். செம்மநத்தம் போகிற ஒடுக்கு ரோடு ஒரு தோட்டத்துக்குள் புகுந்து வேறொரு தோட்டத்தில் வெளியே வந்தது. மலையில் குடியிருக்கிற எனக்கு மலை என்பது வளைவுகளும் மேடுகளும் மூச்சிரைப்பும்தான். அதற்கு ஒரு முழு உருவம் இருக்கிறது, ஒரு பக்கம் சரிந்து சேலத்தின் புழுதிக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறது என்பதை அன்றுதான்

(மலையைப் பற்றி இன்னும் அரைப்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் இந்த இடத்தில்தான் காதில் ஒரு குரல் கேட்டது. அதற்குப் பிறகு நான் மலையைப் பார்க்கவில்லை.)

"டீச்சர், பயமா இருக்குதுங்களா?"

தேவசிகாமணிதான். இரைச்சலில் தன் பேச்சு வேறு யாருக்கும் கேட்காது என்று நினைத்து, டீச்சர் பக்கம் சாய்ந்து பேசினார். கண்களை இறுக மூடியிருந்தார்.

"இல்லீங்களே."

"இருந்தா என் கையப் புடிச்சுக்கோங்க."

"உங்க கைதானுங்க நடுங்குது, ரைட்டர்." டீச்சர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

தேவசிகாமணி கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"நாளைக்கு ஏரிப்பக்கம் யாரு கூட நடப்பீங்க?"

"நானே நடந்துக்குவேன். அதுக்கென்னங்க."

"போகாம இருந்துரட்டுங்களா?"

"அந்தப் பேச்சு வேண்டாமுங்க. பாப்பா எத்தன ஆசையாக் கூப்புடுது."

"நான் அதுகிட்ட உங்களப் பத்திச் சொல்லவே இல்லீங்க. நொம்ப நாளா சொல்லணும் சொல்லணும்னு இருக்கறேன். வாய் வரைக்கும் வந்துருது. அவங்கம்மா போட்டோவப் பாத்ததும் உள்ள போயிருது."

"சொல்ல வேண்டாம். அது இன்னும் அம்மா நெனப்புலதான் இருக்குது. போயிட்டு, தெனமும் சாப்பிட்டீங்களான்னு ஒரு போன் போடுங்க. எனக்கு அது போதுமுங்க."

பைலட்டின் விரல் ஏதோ ஒரு சுவிட்சை நோக்கிப் போவதைப் பார்த்தேன். பேச்சை நிறுத்திவிடத்தான் இருக்கும், நல்ல மனிதர். ஜோஸ்லின் அவர் கையைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவள் கண்களில் நீர் தாரை தாரையாக

(இல்லை. எனக்கு அவள் முகம் தெரியவில்லை. பின்னந்தலையும், ஒரு காதும், ஹெட்செட்டில் மாட்டிக்கொண்ட முடியும்தான் தெரிந்தன. தெரியாததை எழுத மாட்டேன்.)

"அப்பா," என்றாள்.



"மைக்கு ஆன்ல இருக்குதுப்பா."

தேவசிகாமணி கண்ணைத் திறந்தார். முதலில் மைக்கைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு மகளின் பின்னந்தலையை. டீச்சர் சட்டென்று அவர் கையை விட்டுவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார், ஹெட்மாஸ்டர் வகுப்புக்குள் வந்துவிட்டதைப்போல.

அப்புறம் ஜோஸ்லினின் குரல் மறுபடியும் வந்தது. திரும்பிப் பார்க்காமலேயே பேசினாள்.

"கைய விட்டுராதீங்க டீச்சர். எங்கப்பாவுக்கு ராட்டினத்துல ஏறுனாலே மயக்கம் வரும்."

பைலட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வலது பக்கம் சேர்வராயன் கோவில் தெரியுதுங்க" என்றார். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

5

இங்கேயே கதையை முடித்துவிடலாம் என்று என் சிநேகிதி ஒருத்தி சொன்னாள். ஆனால் ஹெலிகாப்டர் இறங்கியாக வேண்டுமே. வானத்தில் பெருந்தன்மையாக இருந்துவிடலாம். தரையில் கால் வைத்ததும் ஜோஸ்லினுக்குக் கோபம் வந்தது.

"ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஆகாசத்துக்கு வரணுமா?"

"சாமி, நான் சொல்லலாம்னுதான்..."

"எப்பச் சொல்லியிருப்பீங்க? தெனமும் போன்ல ஒரு மணி நேரம் பேசறனே! என்ன சமையல், என்ன மழைன்னு எல்லாம் சொன்னீங்க, இத மட்டும் சொல்லல. அம்மா துணியெல்லாம் இன்னும் பீரோவுல அப்படியே இருக்குது. நான் ஒரு முட்டாளு, நீங்க அம்மாவையே நெனச்சுட்டுத் தனியாக் கெடக்கறீங்கன்னு..."

கம்பி வேலிப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். தேவசிகாமணி அவளிடம் போகவும் முடியாமல், டீச்சரைப் பார்க்கவும் முடியாமல் நின்றார்.

"அவள நெனைக்காம இல்ல கண்ணு," என்று மெல்லச் சொன்னார். "தெனமும் நெனைக்கறேன். டீச்சர்கிட்டத்தான் அவளப் பத்திப் பேசுவேன். வேற யாரும் இப்பெல்லாம் அவளப் பத்திக் கேக்கறதில்ல."

இது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. டீச்சர்தான் நடந்தார். ஜோஸ்லின் பக்கத்தில் போய் நின்று, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"ஜோஸ்லின், தண்ணி குடி."

மைதானத்தில் ஓடிக் களைத்து வந்த பிள்ளையிடம் சொல்கிற அதே அதட்டல். ஜோஸ்லின் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். மறுபடியும் குடித்தாள். டீச்சர் அவள் முதுகில் கை வைக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. பாட்டில் தீரும்வரை பக்கத்தில் நின்றார்.

"நான் பஸ்ஸுல போயிக்கறேன்," என்றார் அப்புறம். "நீங்க கெளம்புங்க. இருட்டறதுக்குள்ள மலை எறங்கிருங்க."

"யாரும் எறங்கல," என்றாள் ஜோஸ்லின். "ஊட்டுக்குப் போலாம். வண்டியில ஏறுங்க டீச்சர். எனக்குப் பசிக்குது."

6

கார் அடிவாரத்துப் பக்கம் திரும்பாமல் ஊருக்குள் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை. ஆகவே நானே முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தேவாலயத்தில் கல்யாணம். வெள்ளைச் சேலையில் டீச்சர், ஜோஸ்லின்தான் பூச்செண்டு கொடுக்கிறாள். படிக்க இனிப்பாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. இன்னொன்றில் தேவசிகாமணி சேலம் போய்விடுகிறார், தினமும் போன் மணி அடிக்கிறது. அதை எழுதி முடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவதில் எல்லோரும்

(வேண்டாம். அதைக் கிழித்துவிட்டேன்.)

பிறகு, காப்பிப் பழம் பறிக்கிற மாதத்தில், பேக்கரியில் ஜோஸ்லினைப் பார்த்தேன். அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். இப்படி ஒரு கதை எழுதுகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து என் செல்போனில் இருந்த பிரதியைப் படித்தாள்.

"நான் அழுதத நல்லவேளை எழுதல."

"அழுதியா?"

"பின்ன? எறங்கற வரைக்கும்." சிரித்தாள். "எழுதிக்குங்க அக்கா. ஆனா அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு முடிச்சுராதீங்க."

"பண்ணிக்கலையா?"

"நானே போயிக் கேட்டேன். டீச்சர், எங்கப்பாவக் கட்டிக்கறீங்களான்னு. அன்னைக்கு அவ்வளவு கோபப்பட்டவ, நானே போயி."

"என்ன சொன்னாங்க?"

"'யோசிக்கறேன் கண்ணு. இத்தன வருஷமா என் ஊட்டுல நான் ஒருத்திதான். எந்திரிக்கறதும் படுக்கறதும் என் இஷ்டம். ரைட்டரு வேற ரேடியோவ ஊருக்கே கேக்கற மாதிரி வெப்பாரு. கொஞ்சம் டைம் குடு'ன்னுட்டாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா என்ன செய்வார், மகள் என்ன சொல்வாள் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். டீச்சருக்கு என்ன வேண்டும் என்று ஒரு பிரதியில்கூட நான் யோசிக்கவில்லை.

"அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்காரு. இங்கயேதான் இருக்கேன்னுட்டாரு." ஜோஸ்லின் பன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ரேடியோவச் சின்னதா வெச்சுக் கேட்டுப் பழகறாரு. காத ஒட்ட வெச்சுட்டு உக்காந்திருக்காரு, பாத்தா சிரிப்பா வருது."

7

ஆக, என்னிடம் முடிவு இல்லை. முடிவு சொல்ல வேண்டியவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவரை முந்திக்கொண்டு எழுத எனக்கு மனமில்லை.

உங்களுக்கு ஒரு முடிவு இல்லாமல் முடியாது என்றால், தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். டீச்சரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.