தொகுப்பின் கடைசிப் பாட்டு

பியானோக்காரருக்கு எழுபத்தோரு வயது. மகளின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கும் நேரம் மட்டும் விதிவிலக்கு. அங்கே அவருடைய எந்தப் பாட்டு ஓடுகிறதோ, அதைப் பதிவு செய்த நாளில் இருந்த வயதுதான் அவருக்கு. வாழ்நாள் முழுதும் வாசித்ததிலிருந்து பொறுக்கியெடுத்து ஒரே தொகுப்பாக வெளியிட இசைத்தட்டுக் கம்பெனி முடிவு செய்ததும், அதை வரிசைப்படுத்தி மெருகேற்றும் வேலை மகளிடம் வந்தது. அன்றிலிருந்து இந்தக் கூத்து. காலையில் வழுக்கைத் தலையோடு வருபவர் சற்று நேரத்தில் சுருள்முடிக்காரராகி, காபி கொண்டுவரும் பெண்ணிடம் அசடு வழிவார். மாலையில் மகள் சென்ற வருடத்துப் பாட்டு ஒன்றைப் போட்டு, அவரைப் பழையபடி கிழவராக்கி வீட்டுக்குக் கூட்டிப்போவாள். பக்கத்து அறையில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவர்கள் மின்வெட்டைப் பற்றிப் பேசுவதுபோல இதையும் பேசிக்கொண்டார்கள்.

அவளுடைய பயம் வேறு. தொகுப்பு முடிந்துவிட்டால், கடைசிப் பாட்டு எந்த வயதோ அதிலேயே ஆள் நின்று, அங்கிருந்துதான் மறுபடி வயதேறுவார்; பிறகு எதைப் போட்டாலும் மாற மாட்டார். முன்பு ஒரு சாக்ஸபோன்காரருக்கு அப்படித்தான் ஆனது. இன்றைக்கும் பேரனின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு திரிகிறார். பேரன் யாரென்று மட்டும் அவருக்குத் தெரியாது.

பியானோக்காரர் பதிவு செய்ததெல்லாம் இருபதுகளிலும், அறுபத்தெட்டுக்குப் பிறகும்தான். நடுவில் மனைவி இறந்துபோக, கைக்குழந்தையை வளர்ப்பதற்காக ஓட்டல் வரவேற்பறையில் வாசித்தார், லிஃப்ட் வரும்வரை நிற்பவர்கள் காதில் வாங்காமல் கேட்ட வழுவழுப்பான இசை. அந்த வருடங்களில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குழந்தையைத் தூங்கவைக்க அவர் கட்டிய மெட்டும் பதிவாகவில்லை. இரண்டாவது சுற்று முடிவதற்குள் அவள் தூங்கிவிடுவாளாம்.

அவருடைய இதயம் மழைக்காலத்தைத் தாண்டாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். கம்பெனிக்காரரோ, ஊரே முணுமுணுத்த முதல் பாட்டுதான் கடைசியில் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதில் முடித்தால் அப்பாவுக்கு இருபத்தாறு, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயது. ஆனால் மகள் என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. புதுப் பாட்டில் முடித்தால் தெரியும். மழைக்காலம் வரை தெரியும்.

“உன்னைத் தெரியாம நான் எதுக்கும்மா உசுரோட இருக்கணும்?” என்று கேட்டார் அவர். புதுப் பாட்டிலேயே முடிப்பதாக அவள் வாக்குக் கொடுத்தாள்.

கடைசி நாள் மதியம் புதுப் பாட்டு ஓய்ந்தது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தார், எல்லாம் முடிந்ததென்று எழுந்து காலால் செருப்பைத் தேடினார். அவள் முதல் பாட்டை ஓடவிட்டாள். முதல் சுரத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. “வேணாம்மா...” என்று கதவை நோக்கி வந்தார். வரும்போதே நடை வேகமானது, முதுகு நிமிர்ந்தது, முடி சுருண்டது. பாட்டு முடியும்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு இளைஞன் எட்டிப்பார்த்தான்.

“மேடம், டேக் சரியா வந்துச்சா?”

வந்துவிட்டது என்று சொன்னவள், கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

தொகுப்பு நன்றாகவே விற்றது. இளைஞன் அவள் வீட்டு மாடியில் குடியேறினான், மேடத்தை அக்காவாக்கினான், மழைக்காலங்களை ஒவ்வொன்றாகத் தாண்டினான். அக்கம்பக்கத்தார் அவனைத் தம்பி என்றே வைத்துக்கொண்டார்கள். அவளுக்குத்தான் அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. மாத்திரை மருந்து எதுவும் பலிக்கவில்லை.

அவனுக்கு முப்பது நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பியானோவின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டான்.

“அக்கா, உங்களுக்குத் தூக்கமே வரலேன்னீங்கல்ல. ஏதோ ஒண்ணு கட்டியிருக்கேன், கேளுங்க.”

முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த முறையாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று கருவியை எடுக்க நினைத்தாள். சோபாவிலிருந்து எழுவதற்குள் இரண்டாவது சுற்று தொடங்கிவிட்டது. அது முடிவதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.