புளி போட்டுத் துலக்கிய புதையல்

பூந்தமல்லிப் பாத்திரக் கடையில் வாங்கிய புதுச் செம்பை, காடியும் உப்பும் கலந்த ஈரமண்ணில் மூன்று மாதம் புதைத்துப் பச்சைக் களிம்பேற வைத்திருந்தாள் ஞானகுமாரி. பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் இவ்வளவு பொறுமையாகப் பணிவிடை செய்ததில்லை.

வேலப்பன்சாவடிக் கல்லூரியில் 'கலையிலும் அகழாய்விலும் வேதியியல்' என்ற விருப்பப் பாடம் அவள் கேட்டு வாங்கியது. அன்று துறைத்தலைவர் ராகவன் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் பாடம் போய்விடும்; பழையபடி முதலாண்டுக்கு உப்புப் பகுப்பாய்வுதான். அதனால் அந்தப் பச்சைக் களிம்பைப் பற்றியே எட்டுப் பக்கம் உரை எழுதி, 'காலம் உலோகத்தின் மேல் எழுதிய கடிதம்' என்ற இடத்தில் குரல் தழுதழுக்கக் கண்ணாடி முன் பழகியும் இருந்தாள்.

ஆய்வகத்தில் மாணவிகள் காத்திருந்தார்கள். மேசைமேல் செம்பு பளபளத்தது.

"இன்னா மேடம் அப்டி பாக்குறீங்க?" என்றாள் ஆய்வக உதவியாளர் ராணி. "பெரியவரு வராருன்னீங்க. இது ஒரே பாசி புட்ச்சிகினு இர்ந்துச்சி. புளி போட்டு தேச்சிட்டேன்."

"ராணிக்கா, அது மூணு மாச உழைப்பு!"

"மூணு மாசமா தேய்க்காமயா வெச்சிருந்தீங்க?"

முன்வரிசை மாணவி ரெனிதா களுக்கென்று சிரித்தாள். அதற்குள் ராகவன் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஞானகுமாரி பக்கங்களைப் புரட்டினாள். பச்சை இல்லாமல் ஒரு வரியும் நிற்கவில்லை. எட்டுப் பக்கத்தில் வேதியியல் ஆறு வரிதான் என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

"தேச்ச தண்ணி எங்க?" வேறெதுவும் தோன்றாமல் கேட்டாள்.

"தோ, பக்கெட்டுல கீது. இன்னும் ஊத்தல."

கலங்கிய பச்சைத் தண்ணீர். புளியின் அமிலத்தில் களிம்பு கரைந்திருந்தது; களிம்பிலிருந்த செம்பு உலோகம் எங்கும் போய்விடவில்லை, அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. இரும்பாணி ஒன்றை உப்புத்தாளில் தேய்த்து அதில் போட்டாள். சற்றுப் பொறுத்து ரெனிதா எடுத்துப் பார்த்தாள். ஆணி செம்பு நிறமாகியிருந்தது.

"மேம், அப்ப சிலைங்கள புளி போட்டுத் தேச்சா, வருஷா வருஷம் கொஞ்சம் சிலையும் கரையுதா?"

"அய்யய்யோ," என்றாள் ராணி, "எங்க ஊட்டு வெளக்குல மூக்கு தேஞ்சது அதாலதானா?"

அதன்பிறகு வகுப்பை யாரும் நடத்த வேண்டியிருக்கவில்லை.

"அடுத்த வருஷமும் எடுங்க," என்றார் ராகவன். "பேச்சக் கொறச்சு செஞ்சு காட்டினீங்க பாருங்க, அதுதான். புளிய முன்னாடியே திட்டம் போட்டு வெச்சிருந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார். அவங்களாத்தான் தேச்சாங்க."

எட்டுப் பக்கத்தையும் கிழிக்கப் போனவள், மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அடுத்த வருடம் எப்படியும் வேறு செம்பு வாங்கத்தானே போகிறாள்.