சத்தமில்லாமல் வந்த லோரி

வளைவில் லோரி சாயாமல் பிடித்துக்கொள்ளும் முன்பக்கக் கம்பி தேய்ந்துபோய், திருப்பத்துக்குத் திருப்பம் கடகடவென்று அடித்தது. அதைக் கேட்டாலே எஸ்டேட் கேட்டில் துப்பாக்கியோடு காவல் நிற்கும் பெரியண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"காட்டுல இருக்கிறவனுங்களுக்கு சிக்னல் குடுக்கிறியாடா? நீயும் அவனுங்க ஆளுதானே? தொரைகிட்ட சொல்லிடுவேன்லா!"

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்த அந்த மலாயா எமர்ஜென்சி காலத்தில் அந்த ஒரு வார்த்தை போதும், ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். டிரைவர் சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு லோரிக்கு அடியில் புகுந்தான். புதுக் கம்பி வாங்கத் துரை மனசு வைக்கவில்லை. பழையதைக் கழற்றி லோரியின் பின்தட்டில் வீசிவிட்டு, தேயிலைப் பெட்டிகளோடு டவுனுக்குப் போனான்.

திரும்பும்போது பொழுது இறங்கி மூடுபனி கட்டிவிட்டது. வளைவெல்லாம் வண்டி சாய, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட் வரை வந்தான். படீரென்று கண்ணாடி நொறுங்கியது. குண்டு காதோரம் போயிற்று.

"டேய், நான்தான்டா!"

பெரியண்ணன் துப்பாக்கியை இறக்கிக்கொண்டு ஓடிவந்தான். "சத்தமே இல்லியேடா! நம்ம லோரின்னா கடகடன்னு வருமே. வேற எவனோன்னு நெனச்சிட்டேன்."

சடையன் இறங்கினான். பின்தட்டில் கிடந்த கம்பியை இழுத்து அவன் காலடியில் போட்டான்.

"இந்தா. நாளைக்கு நான் வர்ற நேரத்துல நீயே இதத் தட்டிக்கிட்டு நில்லு. அப்பவாச்சும் சுடமாட்டே."