கால்மிதியில் ஓர் ஓட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை பைக்கைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. விற்றே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். வீட்டில் கார் இருக்கிறது. மழையில் நனைய வேண்டாம், வெயிலில் காய வேண்டாம், காய்கறிப் பையை மடியில் இடுக்கிக்கொண்டு வர வேண்டாம். இதையெல்லாம் விட்டுவிட்டு ஞாயிறு விடிந்தால் என் வீட்டுக்காரர் பைக்கின் முன்னால் துணியோடு உட்கார்ந்துவிடுவார். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வாரமெல்லாம் பல்லைத் தேய்க்கிற மனுஷன், லீவு நாளில் சைலன்ஸரைத் தேய்ப்பார். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டால் சிரிப்பார். சிரிப்பு ஒரு பதிலா?

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சுவரைப் பார்த்துப் பாயும்போது என் உயிர் அதில்தான் இருக்கிறது.

விற்பதற்கு முன் கடைசியாக ஒரு சுற்று போய்வருகிறேன் என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அப்படி என்னதான் இருக்கிறது என்ற குடைச்சல் அதைவிடப் பெரிது. நானும் வருகிறேன் என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். அந்த வண்டி வாங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை. அவர் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. என் வலது கால் தானாக அழுத்தியது. அழுத்தி என்ன பயன், அங்கே கால் வைக்கிற கம்பிதான் இருந்தது. அவர்பாட்டுக்கு நாய்க்கு வழிவிட்டுப் போனார். பாலத்து வளைவில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. நான் சும்மா இருப்பேனா? விறைப்பாக நிமிர்ந்து வலப்பக்கம் இழுத்தேன். வண்டி தள்ளாடியது. அவர் ஓரமாக நிறுத்தினார்.

"நீ ஒண்ணும் பண்ணாத. நான் திரும்புற பக்கம் என் தோள் வழியா பாரு, போதும்."

"பாத்தா?"

"உடம்பு தானா வரும்."

பார்த்தேன். வந்தது. தினமும் கார் ஓட்டுகிற சாலைதான் அது. மரக்கடைக்குப் பக்கத்தில் அறுத்த பலகை மணக்கும் என்றோ, ஆறு கண்ணில் படுவதற்கு முன்பே அதன் குளிர் முகத்தில் படும் என்றோ எனக்குத் தெரியாது. பிடித்திருந்தது. ஆற்றங்கரையில் இறங்கியதும், இதற்காகத்தானா இவ்வளவும் என்று கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"இதுக்காகவுந்தான். நம்ம கார்ல நான் ஓட்டுனா, நீ பக்கத்துல பிரேக் அடிச்சுக்கிட்டே வருவ. அங்க பிரேக்கே கிடையாது. நீ அடிக்கிறப்பல்லாம் ஏதோ தப்பு பண்ணிட்டோமோன்னு இருக்கும். இதுல போனா அது இல்ல."

சுத்தப் பொய் என்று எகிறினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். அவர் ஓட்டும்போது நான் உட்காரும் இடம் அது. கீழே போட்டிருந்த கால்மிதி, என் வலது கால் படுகிற இடத்தில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பைக்கைப் பார்க்க ஆள் வந்தார். வண்டி விற்பனைக்கு இல்லை என்று நானே சொன்னேன். அலைய வைத்துவிட்டதாக முணுமுணுத்துக்கொண்டே வந்தவர் போனார்.

சாயங்காலம் கடைக்குக் காரில் போனோம். நான் ஓட்டினேன். வழக்கம்போலத் தெருமுனை தாண்டுவதற்குள் பக்கத்தில் குறட்டை கேட்டது. நான் ஓட்டினால் இவர் கும்பகர்ணன். பேச்சுத் துணைக்குக்கூட ஆகாத மனுஷன் என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! பாலத்தில் ஒரு லாரி குறுக்கே வர, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்து வைத்திருந்தார். கீழே அந்த ஓட்டை மட்டும் இருந்தது.

"வந்துட்டமா?" என்றார் தூக்கத்திலேயே.

"இல்ல, தூங்குங்க."