அறை முழுவதும் விழுகிற படம்

சீமெந்து தின்ற விரலுக்குத் தொடுதிரை வேலை செய்யாது. மருதனார்மடத்தில் யதுசனின் ஸ்டூடியோவில் இரண்டு கமராக்களை மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்த அந்தச் சனிக்கிழமை பின்னேரம்தான் எனக்கு அது தெரிய வந்தது.

நான் மேசனுக்குக் கையாள். பத்தொன்பது வருசமாகப் பரமலிங்கம் அண்ணையோடு மட்டும்தான் வேலை. மணல் அரிப்பேன், சாந்து குழைப்பேன், கல் எடுத்துக் கொடுப்பேன். எழுத்து எனக்குப் பிந்தித்தான் வந்தது. நாற்பது வயது கடந்த பிறகு கிழமைக்கு இரண்டு பின்னேரம் வாசிகசாலையில் இருந்து பழகினேன். கமரா அதற்கு முன்னமே வந்துவிட்டது. கோண்டாவிலில் நாங்கள் கட்டிக் கொடுத்த வீட்டுக்காரர், பழையது என்று எறியப் போன கமராவை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் தலையில் இருந்த திருகு சில்லில் எழுதியிருந்த இங்கிலீசு எழுத்துகள்தான் நான் முதலில் படித்த எழுத்துகள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ஒரு வீடு முடிந்து, கழுவித் துடைத்து, பூட்டுத் திறப்பை வீட்டுக்காரர் கையில் கொடுப்பதற்கு முதல் நாள் பின்னேரம் அந்த வீட்டின் ஹோலை நான் ஒரு படம் எடுப்பேன். குடிபூரலுக்கு வீட்டுக்காரர் ஸ்டூடியோ ஆட்களைப் பிடிப்பார்கள். அவர்கள் பால் பொங்குவதை எடுப்பார்கள், ஐயரை எடுப்பார்கள், பரமலிங்கம் அண்ணைக்கு வேட்டி சால்வை கொடுப்பதை எடுப்பார்கள். பின்னுக்குப் பட்டுத் துணி கட்டியிருப்பார்கள். சுவர் தெரியாது. எனக்குச் சுவர்தான் வேணும்.

பதினொரு வருசத்தில் முப்பத்திரண்டு வீடு எடுத்துவிட்டேன். ஒன்றும் சரியில்லை. என்னுடைய கமரா கிறொப் சென்சர். உள்ளே படம் விழுகிற தகடு சின்னன். அதனால் நாலு பக்கமும் வெட்டிப்போட்டு நடுவை மட்டும்தான் தரும். ஹோலின் இந்த மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் அந்தப் பக்கத்துக் கதவும் பாதி யன்னலும்தான் விழும். ஒரு வீட்டில் பின்னுக்குப் போய்ப் போய், காயாத பூச்சில் என்னுடைய தோள் அடையாளம் விழுந்து, பரமலிங்கம் அண்ணையிடம் நல்லாய் ஏச்சு வாங்கிக் கட்டினேன்.

மற்றது வெளிச்சம். பகல் முழுக்க வேலை. எனக்குக் கிடைப்பது ஐந்தரைக்குப் பிறகு மிஞ்சுகிற வெளிச்சம். கறன்ற் இணைத்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் எடுத்தால் படம் முழுக்க அரிக்காத மணலை அள்ளி எறிந்தது மாதிரிப் பொறிப்பொறியாக இருக்கும். இழைத்து இழைத்துப் பூசிய சுவர் படத்தில் சொரசொரவென்று கிடக்கும். கமராவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும், நீங்கள் என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்கிறார்கள். எப்போது உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த முறை இணுவில் வீடு. லண்டன்காரருடையது. பரமலிங்கம் அண்ணைக்கு இரண்டு முழங்காலும் முடிந்துவிட்டது. இந்த வீட்டோடு நிறுத்திவிட்டு வவுனியாவில் மகளிடம் போகப் போகிறார். "போதுமடாப்பா," என்று மட்டும் சொன்னார். இனி நான் வேறு மேசனோடு போவேனோ, போகமாட்டேனோ தெரியாது. எனக்கும் வலது தோள் தூக்க விடுவதில்லை. அந்த ஹோலையும் அதற்குள் அவரையும் ஒரே படத்தில் எடுக்கவேணும் என்று நினைத்திருந்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

அப்போதுதான் கனடாவில் இருந்து செந்தூரன் வட்சப்பில் கதைத்தான். என் மனைவி பத்மாவதியின் தம்பி.

"அத்தான், புதன்கிழமை வாறன். உங்களுக்கு ஒரு கமரா கொண்டு வரப்போறன். எது வேணுமெண்டு ஒண்டைச் சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை சொல்லுங்கோ, பிறகு எனக்குக் கடைக்குப் போக நேரமில்லை."

வெளிநாட்டில் இருந்து மனைவியின் தம்பி கொண்டு வருகிற பொருளுக்கு வாய் திறந்து கேட்பது எனக்கு மணல் மூட்டையைவிடப் பாரம். இரண்டு நாள் சும்மா இருந்தேன். சனிக்கிழமை வேலை விட்டதும் சைக்கிளை யதுசன் கடைக்குத் திருப்பினேன்.

யதுசன் முப்பது வயதுப் பிள்ளை. கலியாண வீடு, பூப்புனித நீராட்டு எல்லாம் அவன்தான் எடுப்பான். என் படங்களை அச்சடித்துத் தருவதும் அவன்தான்.

"மூண்டு வகை எண்டு கேள்விப்பட்டன் தம்பி. கிறொப், ஃபுல் ஃபிறேம், மிறர்லெஸ். எது நல்லது?"

"அண்ணை, அது மூண்டு இல்லை. உள்ளுக்குக் கண்ணாடி இருக்கோ இல்லையோ எண்டது ஒரு கதை. சென்சர் பெரிசோ சின்னனோ எண்டது வேறை கதை. சனம் ரெண்டையும் ஒண்டாக் குழைக்குது."

"குழைக்கிறது என்ரை தொழில்தானே."

அவன் சிரித்துவிட்டுத் தன் கலியாண வீட்டுக் கமராவைத் தந்தான். கண்ணாடி வைத்த ஃபுல் ஃபிறேம். கண்ணில் வைத்துப் பார்த்தேன். அவனுடைய கடை முழுவதும் விழுந்தது. சுவர், கதிரை, மாலை போட்ட சாமிப்படம், வாசலில் நின்ற நாய். ஆனால் அரை நிமிசத்தில் தோள் நடுங்கத் தொடங்கிவிட்டது.

"என்னண்ணை, சீமெந்துப் பை தூக்கிற ஆள் இதுக்கே நடுங்கிறியள்?"

"தூக்கினதாலைதான் நடுங்குது."

அடுத்து, சின்ன மிறர்லெஸ் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கியது. பாரமே இல்லை. அதற்குள் பார்த்தால் ஒரு குட்டித் திரை. எடுக்கப் போகிற படம் எடுப்பதற்கு முன்னமே அதில் தெரிந்தது. எழுத்தும் அதற்குள்ளேயே பெரிதாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கழற்றத் தேவையில்லை. என்னுடைய கண்ணுக்கு இதுதான் என்று நினைத்தேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முதுகுத் திரையைத் தொடவேண்டியிருந்தது. தொட்டேன். அசையவில்லை. அழுத்தினேன். யதுசன் தொட்டான், உடனே ஓடியது. விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். ரேகை இல்லாத விரலை அது விரல் என்று கணக்கெடுக்கவில்லை. அதுவும் கிறொப் சென்சர்தான்.

"அப்ப உங்களுக்கு வேண்டியது பெரிய சென்சர், கண்ணாடி இல்லாத பாரம் குறைஞ்ச பெட்டி, தொடத் தேவையில்லாமல் திருகிற சில்லு. ஃபுல் ஃபிறேம் மிறர்லெஸ். அது என்னட்டை இல்லை. கனடாவிலை கிடைக்கும்." ஒரு துண்டில் பெயரை எழுதித் தந்தான். "லென்சும் சேர்த்துச் சொல்லுங்கோ அண்ணை."

"லென்ஸ் என்னட்டைக் கிடக்குத்தானே?"

"எதுக்கும் சேர்த்துச் சொல்லுங்கோ," என்றான். அதற்குள் ஒரு பொம்பிளைப் பிள்ளை அடையாள அட்டைப் படத்துக்கு வந்துவிட, அவன் உள்ளே போனான்.

வீட்டில் துண்டைப் பார்த்துப் பார்த்து என்னுடைய பொத்தான் போனில் வட்சப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத நேரம் எடுக்கும். பத்மாவதி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா ரெண்டு வரி?"

"கமரா ஒண்டு. லென்ஸ் ஒண்டு."

"அவன் ஒண்டைச் சொல்லச் சொன்னவன். ஒண்டைச் சொல்லுங்கோ. சங்கக்கடைக்குப் போற துண்டு மாதிரி எழுதி அனுப்பாதேங்கோ. அவன்ரை மனுசி பாக்காதோ?"

இரண்டாவது வரியை அழித்தேன். பழைய லென்சைப் புதிய பெட்டியில் பூட்டுகிற வளையம் ஒன்று இருக்கிறது என்று யதுசன் முன்பு சொல்லியிருந்தான். அது சின்னச் சாமான், கமராவோடு வந்துவிடும் என்று அதை மட்டும் சேர்த்து எழுதினேன். இருப்பதை வைத்துச் சமாளிப்பதுதானே எங்களுடைய பழக்கம். கொங்கிறீட்டுக்கு அடிக்கிற பலகையை ஒரு வீட்டில் கழற்றி அடுத்த வீட்டில் அடிக்கிறோம். ஆணி கூட நிமிர்த்திப் பாவிக்கிறோம்.

செந்தூரன் புதன்கிழமை வந்தான். கமராவும் வளையமும் கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்து கையில் வாங்கியபோது அது தோளுக்கு ஏற்ற பாரம், விரலுக்கு ஏற்ற சில்லு. "சந்தோசம் தம்பி," என்றேன். களைப்பில் அன்றைக்கு அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை இணுவிலில் கழுவல் வேலை. நிலத்தில் ஒட்டிய சாந்துப் பொட்டெல்லாம் சுரண்டி முடிய ஐந்தே முக்கால். மற்றவர்கள் போய்விட்டார்கள். பரமலிங்கம் அண்ணையை மறித்தேன்.

"அண்ணை, ஒரு படம். ஹோலுக்கை இருங்கோ."

"எனக்கு வீட்டை போய்க் காலுக்கு எண்ணெய் போடவேணும். உனக்கு விசர்."

என்றாலும் வந்தார். சாந்து வாளியைக் கவிழ்த்து, ஹோலின் நடுவில் முனகிக்கொண்டு உட்கார்ந்தார். நான் தெற்கு மூலைக்குப் போய்ப் பழைய லென்சைப் பூட்டிக் கண்ணில் வைத்தேன்.

அதே கதவு. அதே பாதி யன்னல். நாலு பக்கமும் அதே வெட்டு.

சில்லைத் திருகினேன். லென்சைக் கழற்றிப் பூட்டினேன். மாறவில்லை. யதுசனுக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, சேர்த்துச் சொல்லுங்கோ எண்டனான்தானே. உங்கடை லென்ஸ் சின்ன சென்சருக்கெண்டு செய்தது. பெரிய தகட்டை அது மூடாது. அதாலை கமரா தானாவே ஓரத்தை வெட்டிப்போட்டு நடுவை மட்டும் தரும்."

பத்தடி அறைக்கு அடித்த பலகை இருபதடி அறைக்குக் காணாது என்று எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருசம் பலகை சுமந்தவன். வெட்கத்தில் ஒரு வரியை அழித்ததால் வந்த வினை.

"என்னடாப்பா, உன்ரை கனடாப் பெட்டியும் பழைய பெட்டி மாதிரித்தானோ?"

"கொஞ்சம் இருங்கோ அண்ணை."

"நான் எங்கை ஓடுறது? இந்த வாளியாலை எழும்பவே ரெண்டு ஆள் வேணும்."

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்குக் காலை ஆறே முக்காலுக்கு நல்ல நேரம், திறப்பைக் கொடுக்கவேணும். பின்னுக்குப் போகச் சுவர் விடாது. சுவரில் முதுகை வைத்தபடி நின்றேன். அப்போது பக்கத்தில் இருந்த தெற்கு யன்னலைக் கண்டேன். எல்லா யன்னலுக்கும் கம்பி பூட்டியாகிவிட்டது, இதற்கு மட்டும் இல்லை. பெயின்ற் காயாததால் விடிய முன்னம் வந்து பூட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

வெளியே போய்ச் சுற்றி வந்தேன். யன்னலுக்கு நேரே, ஆறேழு அடி தள்ளி, நான் அரித்து மிஞ்சிய மணல் கும்பியாகக் கிடந்தது. அதில் ஏறினேன். கால் புதைந்தது. கமராவைக் கண்ணில் வைத்தேன். யன்னல் சட்டத்துக்குள்ளால் ஹோல் தெரிந்தது. முழு ஹோலும். அந்தப் பக்கத்து இரண்டு மூலையும், கதவும், மேலே கூரைச் சிலாப்பும், நடுவில் வாளியில் அண்ணையும். உள்ளே கிட்டத்தட்ட இருட்டு. பழைய கமரா என்றால் மணல்தான் வந்திருக்கும். சில்லைத் திருகினேன். குட்டித் திரைக்குள் அறை மெல்ல வெளித்தது.

"எங்கை நிக்கிறாய்? கள்ளன் மாதிரி யன்னலுக்குள்ளாலை என்ன பார்வை?"

"இஞ்சை பாருங்கோ அண்ணை."

பார்க்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு தான் கட்டிய சிலாப்பை அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் அழுத்தினேன்.

அடுத்த நாள் செந்தூரனிடம் பேச்சோடு பேச்சாக லென்ஸ் கதையைச் சொன்னேன்.

"என்னத்தான் நீங்கள்! அகலமா எடுக்கிற லென்ஸ் ஒண்டு எங்கடை வீட்டிலை சும்மா கிடக்கு. மகன் தொட்டும் பாக்கிறேல்லை. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காவிக்கொண்டு வந்திருப்பன். அடுத்த முறை கொண்டு வாறன்."

"ஓம்," என்றேன். பத்மாவதி என்னைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

திங்கட்கிழமை யதுசன் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்துத் தந்தான். பரமலிங்கம் அண்ணை செவ்வாய்க்கிழமை வவுனியாவுக்குப் பஸ் ஏற இருந்தார். அவருடைய வீட்டுக்குக் கொண்டு போனேன். கட்டி வைத்த பைகளுக்கு நடுவில் கதிரையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, படத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். தன்னுடைய முகத்தைப் பார்க்கவில்லை. சுவர் சுவராகப் பார்த்தார். நெடுநேரம்.

"சிவபாதம்."

"என்ன அண்ணை?"

"உந்தக் கிழக்கு மூலை. சிலாப்புக்குக் கீழை. பூச்சு பொம்மி நிக்குது, பார்."

பார்த்தேன். ஒரு கையகலத்துக்குப் புடைப்பு. பின்னேர வெளிச்சம் பக்கத்தால் விழுந்து மெல்லிய நிழல் விட்டிருந்தது. ஒரு மணல் பொறிகூட இல்லாத படம், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நான்தான் அந்த மூலைக்குச் சாந்து குழைத்தேன். அவர்தான் பூசினார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் களைப்பு.

"பழைய கமரா எண்டால் உது தெரிஞ்சிராது," என்றேன்.

"ஓம்," என்றார். "மட்டப்பலகையாலை ஒருக்கா இழுத்து விட்டால் அரை மணித்தியால வேலை."

கையை நீட்டி அந்த மூலையைப் பெருவிரலால் தேய்த்தார். படத்தைத்தான். பிறகு அதைப் பைக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் கைக்குத் திறப்பு வெள்ளிக்கிழமையே போய்விட்டது.